பொத்தானை வரையுங்கள், எழுத்துப்பெட்டியை வரையாதீர்கள்

புத்தாக்கப் போட்டிக்குச் செயலி செய்யும் மாணவர் குழுக்கள் தங்கள் படைப்பை அறிமுகப்படுத்தும்போது ஒரு வரியைத் தவறாமல் சொல்கின்றன: “இது ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும்.” நிரலை ஒருமுறை எழுதிப் பல இயங்குதளங்களில் இயக்குவது சின்ன வேலை இல்லை. பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் அந்த “ஓடும்” என்ற சொல்லை நிறுத்தி வைத்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராமல் திரை திறந்துவிட்டால் ஓடியதாகக் கணக்கா? வெற்றிச்செல்வி என்று பெயர் கொண்ட ஒரு மாணவி அந்தத் திரையில் தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதி முடித்தால்தான் கணக்கா?

இரண்டாவதுதான் கணக்கு என்பது என் கட்சி. பல தளங்களுக்குச் செயலி எழுத விரும்பும் மாணவர்களுக்கு அதிலிருந்து ஒரே ஒரு ஆலோசனை உண்டு: பொத்தானை நீங்களே வரைந்துகொள்ளுங்கள், எழுத்துப்பெட்டியை மட்டும் நீங்களே வரையப் போகாதீர்கள். இது ஏதோ ஒரு நிரலரின் பிடிவாதம்போல் தோன்றலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

திரையில் நாம் தொடுகிற, அழுத்துகிற, எழுதுகிற ஒவ்வொன்றும் ஓர் இடைமுகக் கூறு. நிரலர்கள் அதைக் கண்ட்ரோல் என்றோ விட்ஜெட் என்றோ அழைப்பார்கள். பொத்தான், தேர்வுக்கட்டம், பட்டியல், எழுத்துப்பெட்டி எல்லாம் இந்த இனம். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. தொகுப்பி பார்ப்பது இலக்கணத்தை மட்டுமே. “மேசை யானையைக் குடித்தது” என்று எழுதினால் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன; ஒற்றுப்பிழைகூட இல்லை. பொருள்தான் இல்லை. உங்கள் நிரல் மூன்று தளங்களில் தடையின்றித் தொகுக்கப்பட்டது என்றால், மூன்று இலக்கண ஆசிரியர்கள் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். அவ்வளவே.

ஒரே எழுத்துப்பெட்டியை மூன்று தளங்களிடம் கேட்டுப் பாருங்கள். விண்டோஸில் “எடிட்” என்ற வகைப்பெயரைச் சொல்லி ஒரு சாளரம் கேட்க வேண்டும். மேக் கணினியில் அதே பெட்டிக்கு என்எஸ்டெக்ஸ்ட்ஃபீல்ட் என்று பெயர். லினக்ஸில் ஜிடிகே நூலகத்தைப் பயன்படுத்தினால் ஜிடிகேஎன்ட்ரி. பெயர் வேறுபாடு தொல்லையே இல்லை. அகராதி போட்டுச் சமாளிக்கலாம். தொல்லை பழக்கவழக்கங்களில் இருக்கிறது. விண்டோஸ் திரையில் அளவைத் தொடங்கும் புள்ளி மேல் இடது மூலை; நாம் புத்தகம் படிப்பதுபோல் மேலிருந்து கீழே எண்ணும். மேக்கில் வழக்கமான தொடக்கப் புள்ளி கீழ் இடது மூலை. கணக்குப் பாடத்தில் வரைபடத் தாளில் எண்ணுவதுபோல் கீழிருந்து மேலே போகும். செங்குத்து அளவு 10 என்று எழுதிய பொத்தான் ஒன்றில் உச்சியில் நிற்கும், மற்றொன்றில் தரையில் கிடக்கும். இரண்டுமே சரியாகத் தொகுக்கப்படும்.

எழுத்துகளைச் சேமிக்கும் முறையும் அப்படித்தான். விண்டோஸ் யூடிஎஃப்-16 முறையைப் பயன்படுத்துகிறது. அதில் “க” இரண்டு பைட். ஜிடிகே யூடிஎஃப்-8 முறையில் வாங்குகிறது. அதில் அதே “க” மூன்று பைட். “சரி”, “ரத்து” பொத்தான்களின் வரிசைகூட மாறும். விண்டோஸில் “சரி” முதலில் வந்து “ரத்து” அதன் வலப்பக்கம் நிற்கும். மேக்கில் “சரி” வலக்கோடிக்குப் போய்விடும். பல ஆண்டு பழகிய கை பார்க்காமலே அந்த இடத்துக்குப் போகும். இடத்தை மாற்றி வைத்தால் சேமிக்க நினைத்தவர் ரத்து செய்துவிடுவார். தாவல் விசையை அழுத்தினால் விண்டோஸில் பொத்தான்களிலும் நின்று நின்று போகும். மேக்கில் அமைப்பை மாற்றாதவரை பொத்தான்களைத் தாண்டி அடுத்த எழுத்துப்பெட்டிக்குப் போய்விடும்.

இத்தனை வேறுபாடுகளை ஒரே நிரலுக்குள் எப்படி அடக்குவது? சி, சி++ மொழிகளில் இஃப்டெஃப் என்று ஒரு கட்டளை உண்டு. “விண்டோஸ் என்றால் இந்த வரிகளைத் தொகு, மேக் என்றால் அந்த வரிகளைத் தொகு” என்று அது தொகுப்பியிடம் சொல்லும். புதிதாகக் கற்றவர்களுக்கு இது மந்திரக்கோல்போல் தெரியும். பத்து வரிக்கு ஒருமுறை ஓர் இஃப்டெஃப் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து தொகுக்கும்போது மேக்குக்கான வரிகளைத் தொகுப்பி படிப்பதே இல்லை. அந்த வரிகளில் அரைப்புள்ளியை விட்டிருந்தாலும், மாறியின் பெயரைத் தவறாக எழுதியிருந்தாலும் தெரியாது. மேக் வைத்திருக்கும் நண்பர் தொகுக்கும் நாள்வரை பிழை ஒளிந்தே இருக்கும்.

அனுபவமுள்ளவர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். எழுத்துப்பெட்டி என்ன என்ன செய்யும் என்ற வாக்குறுதியை மட்டும் ஒரு தலைப்புக் கோப்பில் எழுதுகிறார்கள்: எழுத்தைப் பெற்றுக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும், மாற்றம் நேர்ந்தால் அறிவிக்கும். அந்தக் கோப்பில் விண்டோஸ் என்ற பெயரும் இருக்காது, மேக் என்ற பெயரும் இருக்காது. வாக்குறுதியை நிறைவேற்றும் வேலை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் கோப்பில் நடக்கும். எந்தத் தளத்தில் எந்தக் கோப்பைச் சேர்ப்பது என்பதைச் சிமேக் போன்ற கருவி பார்த்துக்கொள்ளும். செயலியின் மற்றப் பகுதிகள், அதாவது மதிப்பெண் கணக்கிடுவது, நூலகப் புத்தகத்தைத் தேடுவது போன்றவை, வாக்குறுதியுடன் மட்டும் பேசும். இஃப்டெஃப் நிரல் முழுவதும் சிதறாமல் ஓரிரண்டு இடத்தோடு நின்றுவிடும். இந்த ஏற்பாட்டை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கருத்து வேறுபாடு வருவது அடுத்த படியில். அந்தத் தனித்தனிக் கோப்புகளுக்குள் என்ன எழுதுவது? தளத்தின் சொந்தக் கூறை இரவல் வாங்குவதா, வெறும் செவ்வகத்தில் நாமே வரைந்துகொள்வதா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிரலர்கள் இதில் இரு கட்சியாக நிற்கிறார்கள்.

இரவல் கட்சியில் மூத்தது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ். 1992ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது அது. யூனிக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓட வேண்டியிருந்த தேவையில் பிறந்தது. வரைந்துகொள்ளும் கட்சியில் பெரிய பெயர் க்யூட். நார்வேயில் ஹோவார்ட் நோர்ட், ஐரிக் சாம்ப்-எங் என்ற இருவர் 1990இல் அல்ட்ராசவுண்ட் மருத்துவப் படங்களுக்கான தரவுத்தள மென்பொருளில் வேலை செய்தார்கள். அது யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும். அந்தத் தலைவலியிலிருந்து பிறந்த க்யூட் 1995இல் வெளிவந்தது. க்யூட் தானே வரையும்; ஆனால் “உன் ஊரில் பொத்தான் எப்படி இருக்கும்?” என்று தளத்திடம் கேட்டுக்கொண்டு அதைப்போல் வரையும்.

இந்தச் சண்டையில் சுவையான கட்டம் ஜாவா. படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் அந்த மொழியை அறிவீர்கள். “ஒருமுறை எழுது, எங்கும் இயக்கு” என்ற முழக்கத்தோடு சன் நிறுவனம் 1995இல் ஜாவாவை அறிமுகப்படுத்தியது. அதனுடன் வந்த ஏடபிள்யூடி என்ற இடைமுக நூலகம் இரவல் கட்சியைச் சேர்ந்தது. எல்லாத் தளங்களிலும் பொதுவாக இருப்பதை மட்டுமே தர முடியும் என்பதால் அதன் கடையில் சரக்குக் குறைவு. அட்டவணைக்கும் கிளைப்பட்டியலுக்கும் அதில் கூறே கிடையாது. இருந்த கூறுகளும் தளத்துக்குத் தளம் நுணுக்கமாக வேறுபட்டு நடந்துகொண்டன. “ஒருமுறை எழுது, எங்கும் பிழை தேடு” என்று நிரலர்கள் கேலி பேசினார்கள். பிறகு 1998இல் ஸ்விங் வந்தது. அது கட்சி மாறி எல்லாவற்றையும் ஜாவாவிலேயே வரைந்துகொண்டது. அட்டவணை வந்தது, கிளைப்பட்டியல் வந்தது. ஆனால் எந்த ஊரிலும் அந்த ஊர்க்காரராகத் தெரியாத தோற்றம். 2001இல் ஐபிஎம் எக்லிப்ஸ் மென்பொருளுக்காக எஸ்டபிள்யூடி என்ற நூலகத்தைக் கொண்டுவந்து மறுபடியும் இரவல் கட்சிக்குத் திரும்பியது. ஒரே மொழிக்குள் ஆறேழு ஆண்டில் ஊசல் அங்கும் இங்கும் ஆடிவிட்டது!

ஊசல் ஏன் நிற்கவில்லை என்றால், இரு கட்சிகளும் எல்லாக் கூறுகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசின என்பேன். பொத்தானும் எழுத்துப்பெட்டியும் ஒரே இனம் என்றாலும் ஒரே எடை இல்லை.

பொத்தான் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அழுத்தினால் அமுங்கியதுபோல் தெரிய வேண்டும், விட்டால் வேலையைச் செய்ய வேண்டும், விசைப்பலகையாலும் அழுத்த முடிய வேண்டும். நீங்களே வரைந்தாலும் ஒரு நாளில் முடித்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. பார்வையற்றவர்கள் திறன்பேசியையும் கணினியையும் திரைவாசிப்பான் கொண்டு பயன்படுத்துகிறார்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனிலும் மேக்கிலும் வாய்ஸ்ஓவர், விண்டோஸில் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ. தளத்தின் சொந்தப் பொத்தானாக இருந்தால் “சமர்ப்பி, பொத்தான்” என்று அவை படித்துக் காட்டும். நீங்கள் வரைந்த செவ்வகம் அவற்றுக்கு வெறும் வண்ணத் திட்டு. “இது பொத்தான், இதன் பெயர் சமர்ப்பி” என்று தளத்திடம் நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். அதற்கான வாய்ப்பு எல்லாத் தளங்களிலும் உண்டு. பெரும்பாலும் சில வரிகளே ஆகும். இதைச் செய்வதானால் பொத்தானை எப்படி வேண்டுமானாலும் வரையுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

எழுத்துப்பெட்டி வேறு கதை. பார்வைக்கு அதைவிட எளிய பொருள் இல்லை: ஒரு கட்டம், உள்ளே சிமிட்டும் ஒரு கோடு. விசை அழுத்தியதும் அந்த எழுத்தை வரைந்து கோட்டை வலப்பக்கம் நகர்த்தினால் முடிந்தது என்று தோன்றும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் முடிந்துவிட்டதாகவே தெரியும்.

இப்போது அதில் “தேர்வு” என்று எழுதிப் பார்ப்போம். யூனிகோடில் “தே” என்பது இரண்டு குறிகள்: முதலில் “த”, அடுத்து ஏகாரக் குறி. சேமிக்கும்போது கொம்பு பின்னால் வருகிறது. திரையில் அது “த”வுக்கு முன்னால் நிற்க வேண்டும். வந்த குறியை வந்த வரிசையில் வரையும் பெட்டி என்ன செய்யும்? “த”வை வரைந்துவிட்டு, கொம்பை அதன் வலப்பக்கம் வரையும். கொம்பு அடுத்த “ர்” எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். படிப்பவருக்குத் “தேர்வு” என்று தெரியாது, வாயில் நுழையாத வேறொன்று தெரியும். “கொ” இன்னும் சிக்கல். சேமிப்பில் ஒரே ஓர் ஒகரக் குறி. திரையில் “க”வின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். “வு” என்பதில் உகரம் வகரத்தோடு உருவமே கலந்துபோகும். இந்த இடமாற்றத்தையும் உருமாற்றத்தையும் செய்வதற்கென்றே தனி இயந்திரங்கள் இருக்கின்றன: ஆப்பிள் தளங்களில் கோர் டெக்ஸ்ட், விண்டோஸில் யூனிஸ்கிரைப்பும் அதற்குப் பின் வந்த டைரக்ட்ரைட்டும், திறமூல உலகில் ஹார்ஃப்பஸ். விண்டோஸில் யூனிகோட் தமிழ் சரியாகத் தெரியத் தொடங்கியதே விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவோடு யூனிஸ்கிரைப்பும் சேர்ந்து வந்த பிறகுதான். தளத்தின் சொந்த எழுத்துப்பெட்டியைக் கேட்டு வாங்கினால் இந்த உழைப்பு முழுவதும் கேட்காமலே உங்களுக்குக் கிடைக்கிறது. வெறும் செவ்வகத்தில் நீங்களே வரைந்தால் இதையெல்லாம் நீங்களே கூட்டிச் சேர்க்க வேண்டும்.

தமிழைக் கொச்சையாக உடைத்துக் காட்டும் கணினி விளையாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துருமேல் பழி போடுவது நம் வழக்கம். பெரும்பாலும் எழுத்துரு குற்றமற்றது. வரைந்த பெட்டிக்குத்தான் தமிழ் தெரியவில்லை.

எழுத்துரு சரியாகத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சிமிட்டும் கோட்டை எங்கே நிறுத்துவது? இடது அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் “கொ” முழுவதையும் தாண்ட வேண்டும். கொம்புக்கும் “க”வுக்கும் நடுவில் போய் நிற்கக்கூடாது. ஆனால் பின்னழி விசையை அழுத்தும்போது பல தளங்களில் ஒகரக் குறி மட்டும் அழிந்து “க” மிஞ்சும். “கொ” என்று எழுத நினைத்துக் “கோ” என்று எழுதிவிட்டவர் குறியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? தாண்டும்போது ஓர் எழுத்து, அழிக்கும்போது ஒரு குறி. இந்த நுட்பம் யாருக்கும் சொல்லிக் கொடுக்கப்படவில்லை, நம் விரல்கள் பழகிவிட்டன. நீங்கள் வரைந்த பெட்டி மாற்றி நடந்தால் பயனருக்குக் காரணம் புரியாது; எரிச்சல் மட்டும் வரும்.

இனி வெற்றிச்செல்வியிடம் வருவோம். அந்தப் பெயரில் தமிழ்க் கணக்கில் ஏழு எழுத்துகள்: வெ, ற், றி, ச், செ, ல், வி. யூனிகோட் கணக்கில் பதினான்கு குறிகள். யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 42. “பெயர் பத்து எழுத்துக்கு மேல் கூடாது” என்று எழுதிய நிரலர் பெரும்பாலும் குறிகளைத்தான் எண்ணுகிறார். ஏழு எழுத்துப் பெயர் அந்தப் பத்துக்குள் அடங்காமல் “வெற்றிச்செ” என்று முறிந்து நிற்கும். எல்லை ஒன்பது என்றால் இன்னும் மோசம்: “செ”யின் கொம்பும் போய் “வெற்றிச்ச” ஆகிவிடும். பைட்டுகளை எண்ணிப் பாதியில் வெட்டினால் கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி தொங்கும். தொகுப்பி இதில் எதையும் பிழை என்று சொல்லாது, ஏனென்றால் அதன் பார்வையில் எண் எண்தான். வாக்குறுதிக் கோப்பில் “நீளம்” என்று ஒரு சொல் எழுதும்போதே அது எதன் நீளம் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது உள்ளீடு. நம்மில் பலர் ஒலியியல் முறையில் தமிழ் தட்டச்சு செய்கிறோம். “அம்மா” என்று வர ஐந்து விசைகளை அழுத்துகிறோம். நடுவில் “ம்” தோன்றுகிறது, “ம” ஆகிறது, “மா” ஆகிறது. விசைப்பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே இயங்குதளம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருப்பதால்தான் இது நடக்கிறது. “இந்த எழுத்து இன்னும் முடியவில்லை, மாறலாம், இதோ மாறிவிட்டது, பழையதை எடுத்துவிட்டு இதை வை” என்று விசைப்பலகை மென்பொருள் அந்த வாயில் வழியாகப் பெட்டியோடு பேசிக்கொண்டே இருக்கிறது. சீனம் தட்டச்சு செய்யும் நம் வகுப்புத் தோழர்கள் இந்த வாயிலை முழுக்க நம்பியிருக்கிறார்கள். பின்யின் எழுத்துகளை அடித்து, தோன்றும் வரிசையிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பது இதன் வழியாகத்தான். விசை அழுத்தத்தை மட்டும் கேட்டு எழுத்தை வரையும் சொந்தப் பெட்டி அந்த வாயிலில் நிற்பதே இல்லை. அதில் “அம்மா”வுக்கு வரிசையாக ஐந்து ஆங்கில எழுத்துகள் விழும். சீனம் சுத்தமாக வராது.

இதில் நமக்கு ஒரு தனி அக்கறை உண்டு. முரசு அஞ்சல் நம் மலேசியாவில் பிறந்தது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முயற்சி அது. திறன்பேசிகள் பரவுவதற்கு முன்பே, 2005இல், செல்லினம் வந்து கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. ஆப்பிள் கருவிகளில் காணும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவின் பெயரில் உள்ள எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம். இத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு செயலிக்குள் நுழைவது அந்த வாயில் வழியாகத்தான். போட்டியில் பரிசு வாங்கும் அழகான ஒரு செயலி தன் எழுத்துப்பெட்டியைத் தானே வரைந்துகொண்டு வாயிலைச் சாத்திவிட்டால், அத்தனையும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எதிர்வாதம் வரும் என்று தெரியும். “ஃப்ளட்டர் எல்லாவற்றையும் தானே வரைகிறதே, அதில் தமிழ் நன்றாகத்தானே வருகிறது?” என்பார்கள். சரியான கேள்வி. 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பைக் கண்ட ஃப்ளட்டர், கூகுள் நிறுவனத்தின் படைப்பு. அது பெட்டியின் ஓரக்கோட்டிலிருந்து சிமிட்டும் கோடு வரை தானே வரைவது உண்மை. ஆனால் எழுத்து உள்ளே வரும் வாயிலை அது தளத்திடம்தான் கேட்கிறது. எழுத்தை உருவாக்கும் வேலையை ஹார்ஃப்பஸிடம் கொடுத்துவிடுகிறது. திரைவாசிப்பானுக்காக ஒரு தனி விவர மரத்தை உருவாக்கித் தருகிறது. பெரிய நிறுவனம் ஒன்றின் பொறியாளர் குழு பல ஆண்டு உட்கார்ந்து செய்த வேலை அது. அதைப் பயன்படுத்துங்கள், தடையே இல்லை. நீங்களே வரையாதீர்கள் என்பதுதான் என் வாதம். 2015இல் வந்த ரியாக்ட் நேட்டிவ் இரவல் கட்சி. அதில் எழுத்துப்பெட்டி கேட்டால் தளத்தின் சொந்தப் பெட்டியே வரும். இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. இரவல் வாங்கிய பெட்டி தளத்துக்குத் தளம் வேறாக நடக்கும், ஒவ்வொன்றிலும் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏடபிள்யூடி இதனால்தானே கேலிக்குள்ளானது? ஆமாம், சோதிக்க வேண்டும். வரி முடிவைக்கூட விண்டோஸ் இரண்டு குறிகளால் எழுதும்; மேக்கும் லினக்ஸும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். விண்டோஸின் சொந்த நோட்பேடுக்கே அந்த ஒற்றைக் குறி 2018இல்தான் புரிந்தது. அதுவரை லினக்ஸிலிருந்து வந்த கோப்பு அதில் ஒரே நீண்ட வரியாகத் தெரிந்தது! ஆனால் இந்த வேறுபாடுகள் உங்கள் நிரலில் இல்லை, உலகத்தில் இருக்கின்றன. சொந்தமாக வரைந்த பெட்டி எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி நடக்கும் என்பது உண்மைதான். எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி தவறாக நடக்கும். மேக் பழகியவருக்கு கமாண்ட் விசையோடு நகலெடுப்பது வேலை செய்யாது, விண்டோஸ் பழகியவருக்கு வேறொன்று இடறும்.

சிங்கப்பூரில் கணினியியல் பாடம் எடுக்கும் மாணவர்கள் பைத்தான் கற்கிறார்கள். சாளரம் வேண்டும் என்றால் பைத்தானோடு வரும் டிகிண்டரைத்தான் முதலில் எடுப்பார்கள். அதன் அடியில் இருக்கும் டிகே, பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய பழைய நூலகம். தன் எழுத்துப்பெட்டியைத் தானே வரையும் வகை. கற்றுக்கொள்ள எளிது, அதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் எழுதிய தமிழ் நிரலை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். விண்டோஸில் அது எழுத்தை உருவாக்கத் தளத்தின் உதவியை நாடுகிறது. லினக்ஸில் அதே நிரல், ஒரு வரிகூட மாறாமல், கொம்புகளை இடம் மாற்றி நிறுத்துவதைக் காணலாம். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

நம் ஊரில் ஓர் எழுத்துப்பெட்டிக்கு வேலை மற்ற ஊர்களைவிட அதிகம். பள்ளி நூலகத்துக்குத் தேடல் செயலி செய்கிறீர்கள் என்றால் ஒரே பெட்டியில் ரூமி மலாய் வரும், தமிழ் வரும், சீனம் வரும், ஜாவியும் வரும். ஜாவி வலமிருந்து இடமாக ஓடும். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து, இடத்துக்கு ஏற்ப உருமாறும். பக்கத்தில் ஓர் எண்ணை அடித்தால் எண் மட்டும் இடமிருந்து வலமாகப் போகும், சிமிட்டும் கோடு இரண்டுக்கும் நடுவே குதிக்கும். போட்டிக்கு முந்தின வாரம் இந்த நான்கையும் ஒரே பெட்டியில் அடித்துப் பாருங்கள். அடித்ததை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டுங்கள். திரைவாசிப்பானை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியில் வெற்றிச்செல்வி என்று எழுதி, பின்னழி விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் எத்தனை அழுத்தத்தில் பெட்டி காலியாகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் அந்த எண்ணைக் கேட்கமாட்டார். நீங்களாகவே சொல்லிப் பாருங்கள்.